அக்கா சொன்ன இரண்டாவது சாட்சி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், சபை மக்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும், டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்களுக்கும் என் அன்பின் வணக்கம். அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருடம் ஆகிறது. கட்டுரையை நீயே எழுதிவிடு என்று மாமா என்னிடம் தள்ளிவிட்டார். மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. எலக்ட்ரீஷியன். ஒரு வீட்டுக்கு முழுசாக வயரிங் இழுத்துவிடுவார், நாலு வரி எழுதச் சொன்னால் வியர்த்துவிடும்.

வீட்டில் நான் அக்காவை "நீ, வா, போ" என்றுதான் பேசினேன். இங்கே "அவர்" என்று எழுதுகிறேன். அக்கா படித்திருந்தால் "இன்னாடி புதுசா மரியாத?" என்று கேட்டிருப்பார். நினைவு மலர்களில் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சாந்தசொரூபிகளாக இருப்பதை நானும் கவனித்திருக்கிறேன். எங்கள் அக்கா சாந்தசொரூபி இல்லை. சுருக்கென்று கோபம் வரும், வந்த வேகத்தில் போகும். பிடிவாதம் மட்டும் போகாது. அந்தப் பிடிவாதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அக்கா பிறந்தது கோலார் தங்கவயலில், மாரிகுப்பம் பக்கம் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில். தாத்தா காலத்தில் குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். அப்பா பூமிக்கு அடியில் பாறை துளைக்கும் வேலை செய்தார். சுரங்கத்தை மூடுவதற்குச் சில வருடங்கள் முன்பே, நுரையீரலில் தூசி அடைத்து, இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அக்கா அப்போதுதான் பி.யூ.சி. முடித்திருந்தார். நான் நாலாம் வகுப்பு. அம்மாவுக்கு வெளியே போய் வேலை செய்து பழக்கம் இல்லை. அடுத்த மாதமே அக்கா பெங்களூருக்கு ரயில் ஏறினார்.

தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அந்த ரயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விடியும் முன் புறப்படும். பெண்கள் பெட்டியில் பங்காருப்பேட்டை வருவதற்குள் ஒரு பாட்டு, ஒரு ஜெபம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தூக்கம். அந்தப் பாட்டை அக்காதான் எடுத்துக் கொடுப்பார். சுருதி என்பது அவருக்கு எந்த நாளும் கைகொடுத்ததில்லை. ஆனால் குரல் பெரியது, பெட்டியின் கடைசி வரை கேட்கும், எனவே எல்லாரும் அவர் பின்னால் போக வேண்டியிருந்தது.

கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டையை விளக்கின் கீழே விரித்து, தையலைத் தடவிப் பார்த்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் வந்து, "லாரி நிக்குதும்மா, பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு" என்று கெஞ்சுவாராம். "லாரி நிக்கட்டும் சார், இந்தப் பட்டன் நிக்காது" என்று அக்கா சட்டையைத் திருப்பித் தள்ளுவாராம். இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தார். என்னை லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்க வைத்ததும் அந்த வேலைதான்.

திருமணம் ஆகி அக்காவும் மாமாவும் பெங்களூர் அல்சூரில் வாடகை வீடு பார்த்தார்கள். அம்மாவையும் என்னையும் அங்கேயே அழைத்துக்கொண்டார்கள். மாமா இதற்கு ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அக்காவுக்கு ஒரே மகள். அம்மா அந்த வீட்டில்தான் காலமானார். அம்மா படுக்கையாக இருந்த மூன்று மாதமும் எங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர் எங்கள் சபையின் எஸ்தர் ஆன்ட்டி. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தை நடத்துகிறவரும் அவர்தான். எஸ்தர் ஆன்ட்டி ஜெபம் செய்தால் காரியம் நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் பேச்சு உண்டு. அந்தக் கூட்டத்தில் ஜெப விண்ணப்பங்களை வாசிக்கும் பொறுப்பை அக்காவிடம் கொடுத்திருந்தார். யாருக்கு ஆபரேஷன், யார் வீட்டில் பிள்ளைக்கு வரன் அமையவில்லை, யாருக்கு வேலை போனது என்று ஒவ்வொன்றாக அக்கா வாசிக்க, எல்லாரும் சேர்ந்து ஜெபிப்பார்கள்.

அக்காவுக்கு இரத்த அழுத்தம் முன்பே இருந்தது. சர்க்கரையும் சேர்ந்தது. ஒரு நாள் கால் வீங்குகிறதே என்று நான்தான் இரத்தம் எடுத்து, நான் வேலை பார்க்கும் மல்லேஸ்வரம் லேபில் சோதனைக்குக் கொடுத்தேன். சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் கெட்டிருந்தன. டாக்டர் பதறவில்லை. மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை என்று சொல்லி அனுப்பினார்.

சபையில் அக்காவுக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மறுபடி இரத்தம் எடுத்தேன். கிரியேட்டினின் இறங்கியிருந்தது. அது ஏறினால் சிறுநீரகம் கெடுகிறது என்று அர்த்தம். ஒரு தடவை கொஞ்சம் இறங்கினால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் இருக்கும் எனக்கு இது பாலபாடம். ஆனால் அன்றைக்கு லேபிலிருந்தே போன் செய்து கத்தினேன். "அக்கா, எறங்கிடுச்சு! எறங்கிடுச்சுக்கா!" மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. எனக்கும் அவ்வளவு ஆசையாக இருந்தது.

எங்கள் சபையில் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு சாட்சி நேரம். தேவன் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்லலாம். அக்கா எழுந்தார். "டாக்டருங்க கைவிட்டாங்க, ஆண்டவர் கைவிடல. இன்னைக்கு நான் பூரண சுகமா நிக்கறேன்" என்றார். ஆலயமே கைதட்டியது. பலர் அழுதார்கள். நானும் அழுதேன். டாக்டர் அவரைக் கைவிடவே இல்லை. மூன்று மாதம் கழித்து வா என்றுதான் சொல்லியிருந்தார். பூரண சுகம் என்று எந்தத் தாளிலும் இல்லை. ஆனால் சாட்சி என்றால் அதற்கு ஒரு நடை உண்டு. டாக்டர் கைவிட வேண்டும், பிறகு ஆண்டவர் வர வேண்டும். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அந்த நடை எங்கள் நாக்கில் ஊறிப்போனது. எழுந்து நின்றால் தானாக வந்துவிடும். இருபது வருடம் ஒரு கோணல் தையலைக்கூட விடாத அக்கா அன்றைக்கு இதை விட்டுவிட்டார்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எஸ்தர் ஆன்ட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாத்திர இன்னும் சாப்புடறியாம்மா?"

"சாப்புடறேன் ஆன்ட்டி."

"இத்தன பேரு முன்னாடி சாட்சி சொல்லிட்டு மாத்திரையும் சாப்புட்டா எப்படி? ஆண்டவர் குடுத்த சுகத்த நம்பறியா, மாத்திரைய நம்பறியா? நீயே யோசிச்சிக்கோ."

அக்கா யோசித்தார். மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்தினார். மாமாவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. மூன்றாம் மாதச் சோதனைக்குக் கூப்பிட்டபோது, "வேலை ஜாஸ்தி, அடுத்த வாரம் வரேன்" என்று இழுத்தடித்தார். இளநீர் குடித்தார், வாழைப்பழம் சாப்பிட்டார், ஊறுகாய் போட்டுக்கொண்டார். சிறுநீரகம் கெட்டவர்கள் தொடக்கூடாதது எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தது. ஒரு நாள் ஃபேக்டரியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. அன்று மாலையே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ்.

ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார். "நந்தே தப்பு சார்" என்றார் அக்கா. தன் தப்புதான் என்று சொன்னாரே தவிர, யார் பெயரையும் சொல்லவில்லை. டயாலிசிஸ் என்றாவது ஒரு நாள் வந்திருக்கும், ஆனால் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று டாக்டர் எங்களிடம் தனியாகச் சொன்னார். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நடந்ததை எல்லாம் அக்கா வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். மூன்றாம் நாள் அக்கா இன்னொரு குண்டைப் போட்டார். "வர்ற சாட்சி நேரத்துல நான் எழுந்து சொல்லப் போறேன்."

"இன்னா சொல்லப் போற?" என்றார் மாமா.

"சுகமாகலன்னு."

சாட்சியைத் திருப்பி வாங்கிக்கொண்டவர்கள் எங்கள் சபையில் யாரும் கிடையாது. அப்படி ஒரு வழக்கமே இல்லை. மாமா, "ஊரு முன்னாடி மானத்த வாங்கப் போறியா?" என்றார். நான், "யாராச்சும் கேட்டாங்களா? நீயா போயி எதுக்குச் சொல்ற?" என்றேன்.

"அந்தத் தபால்கார ஐயா இருக்காரே, மூணாவது பெஞ்சு, அவரு வீட்டம்மா நேத்து போன் பண்ணாங்க. என் சாட்சியக் கேட்டுட்டு அவரும் சர்க்கர மாத்திரைய நிறுத்திட்டாராம். சந்தோஷமா சொல்றாங்கடி."

"அப்போ அவங்ககிட்ட போன்ல சொல்லிடு, போதும்."

"சொல்லிட்டேன். ஆனா வேற யாரு யாரு நிறுத்தினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எழுந்து சொன்னது நானு. எழுந்துதான் சொல்லணும்."

அதற்கு மேல் பேசிப் பயனில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் பிளாஸ்திரியோடு அக்கா எழுந்து நின்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசியது எனக்கு ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அன்னைக்கு இதே எடத்துல நின்னு நான் சுகமாயிட்டேன்னு சொன்னேன். அது சரியில்ல. நான் சுகமாகல. டாக்டருங்க என்னக் கைவிடவும் இல்ல, அதையும் நான் கூட்டிச் சொல்லிட்டேன். மாத்திரைய நிறுத்தினேன், இப்ப வாரத்துக்கு ரெண்டு தரம் டயாலிசிஸ் போறேன். என் சாட்சிய நம்பி யாராச்சும் மாத்திரைய நிறுத்தியிருந்தா, தயவு செஞ்சு இன்னைக்கே சாப்புடுங்க. ஆண்டவர் என்ன விடல. நானும் அவர விடறதா இல்ல. அவ்ளோதான்."

சாட்சி முடிந்ததும் சபையார் "ஸ்தோத்திரம்" சொல்லிக் கைதட்டுவது வழக்கம். அன்றைக்கு ஒரு சத்தம் இல்லை. கீபோர்டு வாசிப்பவர் ஒரு சுரத்தை அழுத்தினார், தப்போ என்று நினைத்து உடனே கையை எடுத்துக்கொண்டார். ஆயர் "ஜெபிப்போம்" என்றார். போனில் சொல்லியும் தயங்கிய தபால்கார ஐயா மறுநாளே மாத்திரையை ஆரம்பித்தார். போன வருடம் அக்காவின் அடக்கத்துக்குக் கைத்தடியோடு வந்து, என் தலையில் கை வைத்து, இதைத்தான் சொன்னார்.

ஆனால் அந்த ஞாயிறுக்குப் பிறகு அக்காவுக்கு நடந்ததையும் எழுத வேண்டும். "அவளுக்கு விசுவாசம் கொறஞ்சிடுச்சு, அதான் வியாதி திரும்பிடுச்சு" என்று பேசினார்கள். தேவ நாமத்துக்கு இழுக்கு என்றும் சிலர் பேசினார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் விண்ணப்பம் வாசிக்கும் பொறுப்பு சத்தமில்லாமல் வேறொருவருக்குப் போனது. அக்கா உட்காரும் பெஞ்சில் முன்பு ஐந்து பேர் நெருக்கியடித்து உட்காருவார்கள்; இப்போது தாராளமாக இடம் இருந்தது. எஸ்தர் ஆன்ட்டி எங்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் ஆலயத்துக்குப் போவதையே நிறுத்தினேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும் போவேன், அதுவும் அக்காவின் மகள் கையைப் பிடித்து இழுத்தால். அக்கா ஒரு ஞாயிறும் தவறவில்லை. அவர் எத்தனை நாள் இதைத் தாங்குவார், ஒரு நாள் வெறுத்துப்போய் விசுவாசத்தையே விட்டுவிடுவாரோ என்பதுதான் அப்போது எனக்கிருந்த பயம். உடம்பைவிட அதைத்தான் நான் அதிகம் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அடுப்படியில் வைத்துக் கேட்டேன். "உன்ன ஒரு மனுஷியா மதிக்காத எடத்துக்கு எதுக்குப் போற?"

உப்புப் போடாமல் தனக்குத் தனியாகக் குழம்பை எடுத்துவைத்துக்கொண்டே அக்கா சொன்னார்: "சுகமானவங்க மட்டும் உக்கார்ற எடமாடி அது? வியாதிக்காரி உக்காரவும் ஒரு எடம் வேணும்ல. நான் எழுந்து வந்துட்டா, அடுத்து வர்ற வியாதிக்காரி எங்க உக்காருவா?"

செவ்வாயும் சனியும் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஏழு வருடத்துக்கு மேல். வேலையை விட வேண்டியதாயிற்று. டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தண்ணீர் அளவுதான். அக்கா காலையில் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து வைப்பார், அன்றைக்கு முழுவதும் காபி, ரசம், மாத்திரை விழுங்க எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். வெயில் காலத்தில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மே மாதம் அந்த பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அழுதார். அரை மணி நேரம் கழித்துத் தானே தரையைத் துடைத்தார். "ஆண்டவர்கிட்ட எனக்கு நெறைய கேள்வி இருக்கு. நேர்ல போயி வெச்சிக்கறேன்" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் ஆனேக்கல்லிலிருந்து பஸ்ஸில் வரும் சாந்தம்மா. வந்ததும் "அக்கா, ஊட்டா ஆய்த்தா?" என்று விசாரிப்பார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்கும் அந்தக் கேள்வியிலிருந்து இருவரும் நாலு மணி நேரம் பேசுவார்கள். மூன்றாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டில் காலியாக இருந்தது. சாந்தம்மா போய்விட்டார் என்று நர்ஸம்மா சொன்னார். சனிக்கிழமை வழக்கம் போல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "போகாம வீட்ல இருந்தா மட்டும் அவ வந்துடுவாளா?" என்றார்.

இன்னமும் சுகத்துக்காக ஜெபிக்கிறாயா என்று நான் கேட்டதுண்டு. "தெனமும் கேக்கறேன். குடுக்கலன்னா நாளைக்கும் கேப்பேன்" என்பார். "குடுக்கவே இல்லன்னா?" என்று நான் விடாமல் கேட்டால், "உயிர்த்தெழும்போது ரெண்டு கிட்னியும் புதுசா இருக்கும்டி. அன்னைக்கு ஒரு குடம் தண்ணிய ஒரே மடக்குல குடிக்கறேனா இல்லையா பாரு" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அது வேடிக்கைப் பேச்சு இல்லை என்று எங்களுக்குத் தெரியும். தண்ணீருக்குத் தவித்த ஒருவர் அப்படி உறுதியாகச் சொன்னதுதான் நான் கேட்ட எந்தப் பிரசங்கத்தையும்விட என்னை அசைத்தது.

டயாலிசிஸ் ஆரம்பித்து இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, எஸ்தர் ஆன்ட்டி வார்டு வாசலில் வந்து நின்றார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். நான் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தேன். அக்காதான் கட்டிலிலிருந்து கூப்பிட்டார். "ஆன்ட்டி, செருப்ப வெளியில விட்டுட்டு உள்ள வாங்க, நர்ஸம்மா திட்டுவாங்க."

ஆன்ட்டி உட்கார்ந்தார். பழைய விஷயத்தை இருவரும் எடுக்கவே இல்லை. பாதியில் அக்காவுக்குக் கால் நரம்பு இழுத்துக்கொண்டது. டயாலிசிஸில் அது அடிக்கடி வரும், வலி உயிர் போகும். ஆன்ட்டி எழுந்து காலைப் பிடித்துவிட்டார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனியும். முட்டி வலி வந்து பஸ் ஏற முடியாமல் போனபோது ஆட்டோவில் வந்தார். அக்கா போகும் வரை ஐந்து வருடம் வந்தார். அவர் உள்ளே வந்தால் நான் எழுந்து கீழே டீ குடிக்கப் போய்விடுவேன். அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள டீக்கடைக்காரருக்கு என்னைப் போல ஒரு வாடிக்கை கிடைத்திருக்காது.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் அக்காவிடம் கொட்டிவிட்டேன். "அந்தப் பொம்பளைய எப்படித்தான் உள்ள விடற? அவங்க அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லலன்னா நீ இப்படிப் படுத்திருப்பியா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீயும்தானே போன் பண்ண" என்றார்.

"எந்தப் போனு?" என்றேன்.

"எறங்கிடுச்சு, எறங்கிடுச்சுன்னு கத்தினியே. இன்னொரு தரம் எடுத்துப் பாக்கணும்னு உனக்குத் தெரியாதா? அவங்க டீச்சர். நீ லேப்ல வேல செய்யறவ. யாருக்குடி தெரிஞ்சிருக்கணும்?" சத்தமே உயர்த்தாமல்தான் கேட்டார். "இத நான் சொல்லாமதான் இருந்தேன். நீ வாயக் கெளறிட்ட. உன்னையும் உள்ள விட்டுத்தானே வெச்சிருக்கேன்? சொன்னவ நானு, நிறுத்தினவ நானு. போ, போயி அரை டம்ளர் காபி போட்டுக் கொண்டா."

காபி போட எழுந்தேன். ஆறு வருடமாக நான் ஒருவர் மேல் ஏற்றி வைத்திருந்த பாரத்தில் எனக்கும் பங்கு இருந்தது. அது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே ஒரு நாளும் சொல்லிக்காட்டாமல், வாரம் இரண்டு தடவை என் கையிலேயே பையைக் கொடுத்து என்னோடு ஆட்டோ ஏறியிருக்கிறார். அடுத்த ஞாயிறே நான் மனம் திரும்பி ஆலயத்துக்குப் போனேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நாலு மாதம் ஆனது. போய் அக்காவின் பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமைகளில் டீ குடிக்கப் போவதை மட்டும் நான் விடவில்லை. எஸ்தர் ஆன்ட்டியின் முகத்தைப் பார்க்க முன்பு கோபம் தடுத்தது, இப்போது வெட்கம் தடுத்தது.

கடைசியில் அக்காவின் இருதயம் தளர்ந்தது. டயாலிசிஸ் தொடங்கியதும் இரத்த அழுத்தம் விழுந்துவிடும், பாதியில் நிறுத்த வேண்டி வரும். இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஆயர் வந்து ஜெபித்தார். சமாதானம், பெலன், ஆறுதல் என்று எல்லாவற்றையும் கேட்டார். சுகம் என்ற வார்த்தையை மட்டும் பக்குவமாகத் தவிர்த்தார். அக்கா கண்ணைத் திறந்தார். "சுகத்துக்கும் கேளுங்க பாஸ்டரய்யா. நானே இன்னும் விடல" என்றார். ஆயர் திரும்பவும் கண்களை மூடிக்கொண்டு சுகத்துக்காக ஜெபித்தார். அவர் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன்.

மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலையில், மாமாவும் மகளும் நானும் பக்கத்தில் இருக்கும்போது அக்கா போனார். அதற்குச் சற்று முன் மாமாவிடம் கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னார். மகளின் கையைப் பிடித்திருந்தார். பெரிய வார்த்தைகள் எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டியதை எல்லாம் முன்பே எழுந்து நின்று சொல்லிவிட்டார் என்று நான் நினைக்கிறேன்.

இனி நன்றி. அக்காவைத் தாயைப் போல் கவனித்த டயாலிசிஸ் வார்டின் டெக்னீஷியன்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், கேட்ட கேள்விக்கெல்லாம் பொய் கலக்காமல் பதில் சொன்ன டாக்டருக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திய பக்கத்து வீட்டு பாய்க்கும், அடக்கத்தன்று பந்தல் போட்டு, நாற்காலி சுமந்து, சாப்பாடு பரிமாறிய சபையின் வாலிபருக்கும், தங்கவயலிலிருந்து அதே ரயிலில் வந்து சேர்ந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு நாளும் அலுத்துக்கொள்ளாத மாமாவுக்கு நான் நன்றி சொன்னால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். எனவே சொல்லவில்லை.

இன்னும் ஒருவர் பாக்கி. இந்தக் கட்டுரையை முதலில் எழுதியபோது எஸ்தர் ஆன்ட்டியின் பெயரை நான் எங்கும் போடவில்லை. "சபையைச் சேர்ந்த ஒருவர்" என்றுதான் எழுதியிருந்தேன். மாத்திரை விஷயத்தையே எடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். கேட்காமல் அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் நானாக அவர் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் வாசிக்க முடியாது, நீயே படி என்றார். போன் செய்தது நான்தான் என்று எழுதிய இடத்தையும் விடவில்லை. நிறுத்தி நிறுத்தி முழுசாகப் படித்தேன்.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா அந்த எடத்த எடுத்துடறேன் ஆன்ட்டி" என்றேன்.

"எதுக்கு எடுக்கணும்? 'ஒருவர்'னு ஏன் போட்ட? என் பேரப் போடு."

"வேணாம் ஆன்ட்டி. எல்லாரும் படிப்பாங்க."

"படிக்கட்டும். உங்க அக்கா அன்னைக்கு எழுந்து நின்னப்போ நான் ரெண்டாவது வரிசைல உக்காந்திருந்தேன். அவ என் பேரச் சொல்லிடுவாளோன்னு எனக்கு நடுக்கம். அவ சொல்லல. சொல்லலன்னதும் நிம்மதியா உக்காந்துட்டேன் பாரு, அதுதான் என்னத் தூங்க விடல. அவகூட நானும் எழுந்திருக்கணும். இத்தன வருஷம் ஆச்சு எனக்கு எழுந்து நிக்க. போடும்மா."

அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இருக்கிறது. எஸ்தர் ஆன்ட்டி, உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.